உதிர்ந்துபோன ‘ஆம்’

‘வந்தார்’ என்பதற்கும் ‘வந்தாராம்’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டைத் தமிழ்க் குழந்தை இலக்கணப் புத்தகத்தைத் தொடுவதற்கு வெகு முன்பே அறிந்துவிடுகிறது. முதலாவதைச் சொல்பவர் பார்த்தவர், அல்லது பார்த்தவருக்குரிய உறுதியோடு பேசுபவர். இரண்டாவதைச் சொல்பவர் பிறர் சொல்லக் கேட்டவர். கேட்டுத்தான் சொல்கிறேன் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறார். ‘நான் நேரில் பார்க்கவில்லை, பார்த்தவர் வேறு யாரோ’ என்ற முழு வாக்கியத்தை இரண்டெழுத்து இடைச்சொல் ஒன்று சுமக்கிறது. குரல் கொஞ்சம் மாறினால் அதே சொல் ‘பெரிய மனுஷராம்!’ என்று நையாண்டியும் ஆகும். கேள்விப்பட்டதும் ஐயப்படுவதும் நம் மொழியில் ஒரே உறைக்குள் இருக்கின்றன. ஒரு செய்தி கைமாறும்போது முதலில் உதிர்வது இந்த ‘ஆம்’தான். டீக்கடையில் ‘செத்துட்டாராம்’ என்று புறப்படுவது வாட்ஸாப் குழுவில் ‘செத்துட்டார்’ ஆகி, தொலைக்காட்சியின் கீழ்ப்பட்டையில் ‘காலமானார்’ என்று ஓடும்போது கேள்விப்பட்ட தடயமே அதில் இருக்காது. எந்தப் பத்திரிகையை, எந்தச் சேனலை நம்புவது என்று நாம் கேட்டுக்கொண்டிருக்கிறோம். ‘ஆம்’ எந்த இடத்தில் உதிர்ந்தது, உதிர்த்தவர் யார், தவறு தெரிந்தபின் அவர் என்ன செய்தார் என்று கேட்டால் கிடைக்கும் விடை இன்னும் உறுதியாக இருக்கும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

அவநம்பிக்கையின் அளவைச் சொல்லும் எண்கள் பல உண்டு. ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராய்ட்டர்ஸ் ஆய்வு நிறுவனம் ஆண்டுதோறும் வெளியிடும் அறிக்கையின்படி, 2024-இல் 47 நாடுகளிலும் பிரதேசங்களிலும் கேட்கப்பட்டவர்களில் சராசரியாக 40 விழுக்காட்டினர்தான் பெரும்பாலான செய்திகளை நம்புவதாகச் சொன்னார்கள். பின்லாந்தில் அது 69, கிரேக்கத்திலும் ஹங்கேரியிலும் 23, இந்தியாவில் 41. இந்திய எண்ணை எடுத்துக்கொள்ளும்போது ஒரு குறிப்பையும் சேர்த்துப் படிக்க வேண்டும்: இங்கே கேட்கப்பட்டவர்கள் பெரும்பாலும் ஆங்கிலம் அறிந்த, இணையத்தில் செய்தி படிக்கிறவர்கள். தினத்தந்தியை டீக்கடை பெஞ்சில் பங்குபோட்டுப் படிக்கும் வாசகர் அந்த 41-க்குள் அநேகமாக இல்லை. அந்தக் குறிப்பை அறிக்கையே தெளிவாகச் சொல்கிறது. ‘இந்தியர்களில் 41 விழுக்காட்டினர்’ என்று அறிக்கையை எடுத்தாளும் செய்திகளில் அது பெரும்பாலும் காணாமல் போய்விடுகிறது. அவநம்பிக்கையைப் பற்றிய செய்தியிலேயே ஒரு ‘ஆம்’ உதிர்ந்துவிடுகிறது.

இந்த வாதத்தைச் சோதிக்கத் தமிழ்நாட்டில் நடந்த இரண்டு நிகழ்வுகள் போதும். முதலாவது 2016. செப்டம்பர் 22 இரவு முதலமைச்சர் ஜெயலலிதா சென்னை அப்போலோ மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். காய்ச்சல், நீர்ச்சத்துக் குறைவு என்பது முதல் அறிவிப்பு. அடுத்த 75 நாட்களில் லண்டனிலிருந்து மருத்துவர் வந்தார், டெல்லி எய்ம்ஸிலிருந்து வல்லுநர்கள் வந்தார்கள், அறிக்கைகள் வந்தன. ஒரு புகைப்படம்கூட வரவில்லை. முழுமையாகக் குணமடைந்துவிட்டார், வீடு திரும்பும் நாளை அவரே முடிவு செய்வார் என்று நவம்பரில் மருத்துவமனைத் தலைவரே சொன்னார். மறுபக்கம் வதந்தி பரப்பியதாகப் பலர் மீது காவல்துறை வழக்குப் போட்டது, சிலரைக் கைது செய்தது. டிசம்பர் 4 மாலை இதயம் நின்றுவிட்டதாக அறிவிப்பு வந்தது. மறுநாள் மாலை ஐந்தரை மணியளவில் பல தமிழ்த் தொலைக்காட்சிகள் அவர் இறந்துவிட்டார் என்று அறிவித்தன. ராயப்பேட்டைக் கட்சித் தலைமையகத்தில் கொடி அரைக்கம்பத்துக்கு இறங்கியது. சற்று நேரத்தில், செய்தி ஆதாரமற்றது, சிகிச்சை தொடர்கிறது என்று மருத்துவமனை மறுத்தது. கொடி மீண்டும் மேலே ஏறியது. நள்ளிரவுக்குப் பிறகு, இரவு 11.30-க்கு உயிர் பிரிந்தது என்ற அதிகாரபூர்வ அறிவிப்பு வந்தது.

அந்த மாலை சேனல்கள் செய்தது பிழை என்பதில் ஐயமில்லை. உறுதிசெய்ய வேண்டியவர் உறுதிசெய்வதற்கு முன்பே ‘ஆம்’ அறுத்தெறியப்பட்டது. ஆனால் அந்தப் பிழையை வெறும் அவசரம் என்று முடித்துவிட முடியாது. அதற்கு முந்தைய இரண்டரை மாதம் உறுதியான குரலில் பேசிய தரப்பு எது என்று பார்க்க வேண்டும். 2017 செப்டம்பரில் அமைச்சர் திண்டுக்கல் சீனிவாசன் மதுரையில் பொதுமேடையில் அதைப் போட்டு உடைத்தார்: அம்மா இட்லி சாப்பிட்டார் என்றெல்லாம் தாங்கள் சொன்னது பொய், அதற்கு மன்னிக்க வேண்டும் என்பது அவர் பேச்சின் சாரம். ‘சாப்பிட்டாராம்’ என்று சொல்லியிருந்தாலாவது கேட்டவர்கள் கொஞ்சம் ஒதுக்கி வைத்திருப்பார்கள். ‘சாப்பிட்டார்’ என்று சொன்னதால் இட்லிக்கு ஒரு சாட்சியின் கனம் வந்துவிட்டது. மருத்துவமனைப் படுக்கையில் அவர் இருக்கும் முதல் காட்சி 2017 டிசம்பரில், ஆர்.கே. நகர் இடைத்தேர்தல் வாக்குப்பதிவுக்கு முந்தைய நாள் வெளியானது. அது எப்போது, எதற்காக எடுக்கப்பட்டது என்ற கேள்விகளைவிட எப்போது, எதற்காக வெளியிடப்பட்டது என்ற கேள்விதான் அன்று எல்லார் வாயிலும் இருந்தது. மக்கள் கேட்டதில் தவறில்லை.

இரண்டாவது நிகழ்வு 2023 மார்ச் முதல் வாரம். தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள், கொல்லப்படுகிறார்கள் என்று இந்தியில் காணொளிகள் பரவின. பெரிய இந்தி நாளிதழ் ஒன்றும் அதைச் செய்தியாக்கியது. பீகார் முதலமைச்சர் நிதிஷ் குமார், பத்திரிகைகள் வாயிலாக அறிந்ததாகக் குறிப்பிட்டு, தமிழ்நாட்டு அதிகாரிகளோடு பேசும்படி தம் அதிகாரிகளுக்கு உத்தரவிட்டார். ‘பத்திரிகைகள் வாயிலாக’ என்ற அந்த இரு சொற்களை மதிக்க வேண்டும். முதலமைச்சர் தமது ‘ஆம்’-ஐ விடவில்லை. அவரை மேற்கோள் காட்டிப் பரப்பியவர்கள் விட்டுவிட்டார்கள். முதலமைச்சரே சொல்லிவிட்டார் என்பது புதிய ஆதாரமாகிவிட்டது. பத்திரிகையிலிருந்து முதலமைச்சருக்குப் போன தகவல் முதலமைச்சரிடமிருந்து பத்திரிகைக்குத் திரும்பி வந்து, ஒரே சாட்சி இரண்டு சாட்சிகளாகத் தெரிந்தது. தமிழ்நாட்டுக் காவல்துறைத் தலைவர் சைலேந்திர பாபு காணொளியில் தோன்றி, பரவும் காட்சிகளில் ஒன்று பீகார்த் தொழிலாளர்களுக்குள்ளேயே நடந்த மோதல், இன்னொன்று கோயம்புத்தூரில் உள்ளூர்க்காரர்களுக்கிடையே நடந்தது என்று விளக்கினார். உண்மை சரிபார்க்கும் தளங்கள் மற்றக் காட்சிகளின் ஊர்களைத் தேடிப் பிடித்தன. கொடூரமான ஒன்று ராஜஸ்தானில் நடந்த கொலை.

இதில் கவனிக்கத்தக்கது, காட்சிகளில் பலவும் போலி அல்ல. அடிதடி நடந்தது உண்மை, ரத்தம் உண்மை. யார் யாரை எங்கே எதற்காக அடித்தார்கள் என்ற ஒட்டுச்சீட்டுத்தான் பொய். ரயில் நிலையங்களில் தொழிலாளர்கள் மூட்டை முடிச்சுகளோடு நெரிந்து நின்றதும் உண்மை. அந்த ஆண்டு ஹோலி மார்ச் 8-இல் வந்தது, ஊருக்குப் போகும் கூட்டம் ஆண்டுதோறும் அப்படித்தான் இருக்கும். பயந்து ஓடும் கூட்டமாக அதைப் பார்த்தவர்கள் கண்ணால் கண்டதாகவே சொல்லியிருப்பார்கள். வதந்தி பரப்புவது வடக்கத்தியரின் குணம் என்று தமிழர்கள் நிம்மதி கொள்ளவும் வழியில்லை. அதே ஆண்டு ஜனவரிக் கடைசியில் திருப்பூரில் வடமாநிலத் தொழிலாளர்கள் தமிழர்களைத் துரத்தும் காட்சி ஒன்று தமிழ்க் கைப்பேசிகளை நிறைத்தது. தேநீர்க் கடைப் பக்கம் மூண்ட ஒரு தகராறு அது என்று காவல்துறை சொன்னது. பரவிய வாசகமோ வடக்கர்கள் தமிழர்களை விரட்டுகிறார்கள் என்பது. ஐந்தாறு வார இடைவெளியில், ஒரே மாநிலத்தைப் பற்றி, இரண்டு மொழிகளில், நேர்எதிரான இரண்டு கதைகள். இரண்டையும் பரப்பியவர்கள் தங்கள் தங்கள் ‘மெயின் ஸ்ட்ரீம்’ ஊடகம் மறைக்கும் உண்மையைச் சொல்வதாகவே நம்பினார்கள்.

இப்போது இரண்டு நிகழ்வுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 2016-இல் அரசுத் தரப்பை நம்பியவர் ஏமாந்தார். 2023-இல் அரசுத் தரப்பை நம்பாதவர் ஏமாந்தார். 2016-இல் வதந்தி என்று சொல்லப்பட்டதில் உண்மையின் சாயல் இருந்தது. 2023-இல் வதந்தி வதந்தியாகவே இருந்தது. ‘அரசு சொன்னால் உண்மை’ என்ற விதியும் உடைகிறது, ‘அரசு மறுத்தால்தான் உண்மை’ என்ற, நம்மூரில் இன்னும் செல்வாக்குள்ள விதியும் உடைகிறது. வேறுபாடு சொன்னவரில் இல்லை, சொன்ன முறையில் இருக்கிறது. 2023-இல் காவல்துறை சொன்னது சரிபார்க்கக்கூடியது: எந்தக் காட்சி, எந்த ஊர், யாருக்கும் யாருக்கும் சண்டை. யார் வேண்டுமானாலும் போய்க் கேட்கலாம். பீகார் அரசு அனுப்பிய அதிகாரிகள் குழு திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் போய்த் தொழிலாளர்களிடமே கேட்டது. 2016-இல் சொல்லப்பட்டவற்றைப் போய்ப் பார்க்க எந்தக் கதவும் திறந்திருக்கவில்லை. சரிபார்க்க வழியை அடைத்துவிட்டு நம்பச் சொல்வதும், சந்தேகம் பேசியவரைக் கைது செய்வதும் ஒரு செய்தியை உண்மையாக்கிவிடாது. அது பொய்யென்று நிரூபணமாகவும் ஆகாது. அங்கே வாசகர் செய்யக்கூடியது, எந்தப் பக்கமும் சாயாமல் ‘ஆம்’-ஐப் பிடித்துக்கொண்டு காத்திருப்பது மட்டும்தான்.

இந்தப் பொருளில் எழுதும் எவரும் முதல் பத்தியிலேயே அறிவுடைமை அதிகாரத்துக் குறள் ஒன்றைப் போட்டுவிடுவது வழக்கம். யார் சொன்னாலும் சொன்ன பொருளின் மெய்யைப் பார் என்பது அதன் கருத்து. அறக்கருத்துக்கும் தத்துவத்துக்கும் அது சரி. செய்திக்கு அதை அப்படியே பொருத்துவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அறக்கருத்தின் மெய்யை நானே யோசித்து அறியலாம். அப்போலோவின் இரண்டாம் மாடியில் என்ன நடந்தது என்பதை எவ்வளவு யோசித்தாலும் அறிய முடியாது. செய்தி என்பதே நான் போக முடியாத இடத்திலிருந்து இன்னொருவர் கொண்டுவருவது. ஆகவே யார் சொன்னது என்பதை ஒதுக்க வழியில்லை. நம் தருக்க மரபில் இதற்கு நேரான விவாதம் வேறிடத்தில் இருக்கிறது. மணிமேகலையில் சமயக் கணக்கர்கள் பேசும் இருபத்தேழாம் காதையில் பத்து அளவைகள் வரிசையாகச் சொல்லப்படுகின்றன. அவற்றில் ஐதிகம் ஒன்று: வழிவழியாக ஊர் சொல்லி வருவதை ஏற்பது. அதற்கு அங்கே தரப்படும் எடுத்துக்காட்டு, இந்த மரத்தில் பேய் இருக்கிறது என்று ஊரார் சொல்வதால் இருக்கிறதென்று தெளிவது. இதைவிடக் கச்சிதமாக ஒரு ஃபார்வர்டை வருணிக்க முடியாது. முதலில் பேயைப் பார்த்தவர் பெயர் எந்தக் காலத்திலும் கிடைக்காது.

அதே அளவை மரபில் உரையை, அதாவது பிறர் சொல்லை, முறையான அறிவு மூலமாக ஏற்றவர்களும் உண்டு. நியாய சூத்திரத்துக்கு உரை எழுதிய வாத்ஸ்யாயனர், ஆப்தன் எனப்படும் நம்பத்தகுந்தவனுக்கு இரண்டே தகுதி வைத்தார்: பொருளை நேராக அறிந்திருக்க வேண்டும்; அறிந்ததை அறிந்தபடியே சொல்லும் விருப்பம் இருக்க வேண்டும். முனிவர், ஆரியர், மிலேச்சர் மூவருக்கும் இந்த இலக்கணம் ஒன்றுதான் என்றும் சேர்த்துக்கொண்டார். குலமும் பட்டமும் கணக்கில் இல்லை. இன்றைய மொழியில் சொன்னால் நூறாண்டு நாளிதழும் நேற்று முளைத்த யூடியூப் சேனலும் ஒரே தேர்வை எழுத வேண்டும். தேர்வு ஒவ்வொரு செய்திக்கும் தனித்தனி என்பதும் இதிலேயே அடங்கியிருக்கிறது. திருப்பூரைப் பற்றி ஆப்தனாக இருக்கும் நிருபர் உக்ரைனைப் பற்றி ஆப்தன் அல்லர். அவர் ஏஜென்சிச் செய்தியை மொழிபெயர்ப்பவர். உள்ளூர்ச் செய்தியில் தவறாத ஏடு உலகச் செய்தியில் அடிக்கடி தவறுவதும், நேர்மாறாக நடப்பதும் ஆச்சரியமில்லை. ‘நல்ல பத்திரிகை, கெட்ட பத்திரிகை’ என்ற பட்டியல்கள் உதவாமல் போவது இதனால்தான்.

அறிந்தவர் யார் என்பதைச் செய்தித் தமிழே காட்டிக்கொடுக்கும், வினைமுற்றைக் கவனித்தால். ‘மாவட்ட ஆட்சியர் தெரிவித்தார்’ என்றால் ஆட்சியர் நாளை மறுக்கலாம், மறுத்தால் நிருபர் மாட்டிக்கொள்வார். அந்த அபாயத்தை ஏற்றுத்தான் எழுதுகிறார். ‘கூறப்படுகிறது’ என்றால் கூறியவர் ஆவியாகிவிட்டார். ‘தெரிகிறது’ என்றால் யாருக்குத் தெரிகிறது? ‘தகவல் வெளியாகியுள்ளது’ என்பதில் தகவல் தானே கதவைத் திறந்துகொண்டு வெளியே நடந்து வருகிறது. பேச்சுத் தமிழின் ‘ஆம்’ நேர்மையானது, கேள்விப்பட்டதைக் கேள்விப்பட்டதாகவே வைக்கிறது. ‘கூறப்படுகிறது’ அதே வேலையைச் செய்வதுபோல் தோன்றினாலும் தலைப்பில் அது இருக்காது. தலைப்பில் ‘பரபரப்பு’ இருக்கும், ‘கூறப்படுகிறது’ ஐந்தாம் பத்தியில் இருக்கும். இதற்கு எதிர்முனையில் தினத்தந்தி வளர்த்தெடுத்த குற்றச்செய்தி நடையைச் சொல்ல வேண்டும். சி.பா. ஆதித்தனார் 1942-இல் மதுரையில் தொடங்கிய அந்த ஏட்டின் நடையைப் படித்தவர்கள் கேலி செய்வதுண்டு. ஆனால் பெயர், அடைப்புக்குறிக்குள் வயது, தெரு, ஊர், வழக்குப் பதிவு செய்த காவல்நிலையம், விசாரிக்கும் இன்ஸ்பெக்டர் என்று போகும் அந்த வாய்பாட்டில் ஒவ்வொரு சொல்லும் ஒரு கதவு. சந்தேகப்படுகிறவர் பஸ் ஏறிப் போய் விசாரிக்கலாம். பெரிய விஷயங்களைப் பேசும் பல தலையங்கங்களில் அப்படித் தட்டிப் பார்க்க ஒரு கதவும் இருப்பதில்லை.

நியூஸ் கார்டு இந்தக் கதவுகளையெல்லாம் அடைத்த வடிவம். மேலே சேனலின் சின்னம், நடுவில் தலைவரின் படம், பக்கத்தில் ஒற்றை மேற்கோள், ஓரத்தில் தேதி. எங்கே பேசினார், எந்தக் கேள்விக்குப் பேசினார், முன்னும் பின்னும் என்ன சொன்னார் எதுவும் இல்லை. தமிழ்ச் சேனல்களின் பெயரில் போலிக் கார்டுகள் தயாரிப்பது தேர்தல் காலத்தில் ஒரு குடிசைத் தொழிலாகவே நடக்கிறது. எழுத்துரு வேறு, நிறம் கொஞ்சம் மங்கல் என்று கண்டுபிடிக்கும் காலமும் போய்க்கொண்டிருக்கிறது. அச்சு அசலாகச் செய்யக் கருவிகள் வந்துவிட்டன. ஆனால் இந்தப் போலிகள் தற்செயலாக ஒன்றைச் சொல்லிவிடுகின்றன. கள்ளநோட்டு அடிப்பவன் செல்லாத நோட்டை அடிப்பதில்லை. எந்த ஊடகத்தையும் யாரும் நம்புவதில்லை என்பது உண்மையானால், பொய்யைப் பரப்புகிறவன் சேனல் சின்னத்தை ஏன் திருட வேண்டும்? வாயால் அவநம்பிக்கை பேசுகிறவர்களும் சின்னத்தைப் பார்த்ததும் நம்புகிறார்கள் என்பது அவனுக்குத் தெரியும். நம்பிக்கை ஒழிந்துவிடவில்லை, வேலை செய்யும் முறையிலிருந்து பிரிந்து வெறும் சின்னத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

சின்னத்தைப் பார்க்காமல் வேறெதைப் பார்ப்பது? சின்னத்துக்கு உரியவர் தம் பிழையை எப்படி நடத்துகிறார் என்பதைப் பார்க்கலாம். தி இந்து ஆங்கில நாளிதழ் 2006-இல் வாசகர் ஆசிரியர் என்ற பதவியை உருவாக்கியது. வாசகர் சுட்டும் தவறுகளை விசாரித்துத் திருத்தம் வெளியிடுவது அவர் வேலை. நியூயார்க் டைம்ஸ் 2004 மே 26 அன்று, ஈராக்கின் பேரழிவு ஆயுதங்கள் குறித்துத் தான் வெளியிட்ட செய்திகள் போதிய கடுமையோடு சோதிக்கப்படவில்லை என்று ஆசிரியர் குறிப்பு எழுதியது. போர் தொடங்கி ஓராண்டுக்கும் மேல் ஆனபிறகு வந்த ஒப்புதல் அது. செத்தவர்களுக்கு அதனால் பயனில்லை. இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். திருத்தம் போடும் ஏடு ஊர்ப்பெயரின் எழுத்துப்பிழையைத் திருத்திவிட்டு, எதைச் செய்தியாக்குவது எதை மறைப்பது என்ற பெரிய சாய்வைத் தொடாமலே விடலாம். திருத்தப்பத்தி ஒரு திருநீற்றுப் பூச்சாகிவிடக்கூடும். இது உண்மைதான். அந்த அமெரிக்க ஏடே வாசகர் சார்பில் கேள்வி கேட்க வைத்திருந்த பதவியை 2017-இல் ஒழித்துவிட்டது. ஆனாலும் திருத்தம் ஒன்றை மட்டும் உறுதியாகக் காட்டும்: அந்த இடத்தில் தவறு என்று ஒன்று இருக்கிறது, அதற்கு ஒரு விலை இருக்கிறது. சத்தமில்லாமல் பதிவை நீக்கிவிட்டு அடுத்த பரபரப்புக்குப் போகிறவரிடம் அந்தச் சொல்லே இல்லை. திருத்தாதவர் தவறே செய்யாதவர் போலத் தோன்றுவதுதான் இதிலுள்ள பெரிய வேடிக்கை.

சாய்வுக்குத் தமிழ்நாட்டு வீடுகள் கண்டுபிடித்த மருந்து வேறு. சன், கலைஞர், ஜெயா, மக்கள், கேப்டன் என்று கட்சிக்கொரு சேனல் இருப்பது இங்கே எல்லாருக்கும் தெரிந்தது; ஆகவே இரண்டு கட்சிச் சேனலையும் மாற்றி மாற்றிப் பார்த்து நடுவே ஒரு கோடு போட்டுக்கொள்வார்கள். உரிமையாளர் யார் என்று மறைக்காத சேனல், நடுநிலை வேடம் போடும் சேனலைவிட ஒருவகையில் மேல். ஆனால் இரண்டு பொய்களின் சராசரி உண்மையாகாது. ஒருவர் கூட்டம் பத்து லட்சம் என்கிறார், மற்றவர் பத்தாயிரம் என்கிறார். ஐந்து லட்சம் என்று நாம் முடிவு செய்தால் யாருக்கும் நியாயம் செய்ததாகாது. சராசரி எடுப்பதைவிட நல்ல வழி, தமக்குச் சாதகமில்லாததை ஒரு தரப்பு ஒப்புக்கொள்ளும் இடத்தைத் தேடுவது. 2023 மார்ச்சில் அப்படி ஓர் இடம் இருந்தது. தமிழக பா.ஜ.க. தலைவராக இருந்த அண்ணாமலை, வடமாநிலத்தவர் மீதான வெறுப்புக்கு தி.மு.க.தான் காரணம் என்று சாடிய அதே அறிக்கையில், தாக்குதல் நடப்பதாகப் பரவுவது பொய்ச்செய்தி என்றும் சொன்னார். ஆளுங்கட்சியை மாட்டிவிட அருமையான வாய்ப்பு கையில் இருந்தும் அந்த உண்மையை அவர் மறுக்கவில்லை. அந்த ஒரு வரி, ஆளுங்கட்சிச் சேனலின் ஒரு மணி நேர விவாதத்தைவிடக் கனமான சாட்சி. காரணம் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டே நடந்தது எது என்பதில் இருவரும் ஒன்றுபட்டால், அந்த நடந்தது பெரும்பாலும் நடந்ததுதான்.

இவ்வளவையும் செய்ய யாருக்கு நேரம் இருக்கிறது என்பது அடுத்த ஆட்சேபம். வேலை முடிந்து வந்து பத்து நிமிடம் கைப்பேசி பார்க்கிறவர் புலனாய்வு செய்ய வேண்டுமா? அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ இருவரும் செய்த ஆய்வு இதற்கு எதிர்பாராத விடை தருகிறது. முனைவர் பட்டம் பெற்ற வரலாற்றாசிரியர் 10 பேர், தொழில்முறை உண்மை சரிபார்ப்பவர் 10 பேர், மாணவர்கள் 25 பேர். எல்லாரிடமும் அறிமுகமில்லாத இணையதளங்களை மதிப்பிடச் சொன்னார்கள். குழந்தை மருத்துவர்களின் இரண்டு சங்கங்கள் அவற்றில் உண்டு. ஒன்று நாட்டின் பெரிய தொழில்முறை அமைப்பு, மற்றது அதிலிருந்து கருத்து வேறுபட்டுப் பிரிந்த சிறு குழு, பெயரோ கிட்டத்தட்ட ஒன்று. மாணவர்களும் வரலாற்றாசிரியர்களும் அந்தப் பக்கத்திலேயே தங்கி மேலிருந்து கீழ்வரை கவனமாகப் படித்தார்கள். சின்னமும் அடிக்குறிப்புகளும் ஒழுங்கான மொழியும் பலரை ஏமாற்றின. சரிபார்ப்பவர்கள் சில வினாடிகளில் அந்தப் பக்கத்தை விட்டு வெளியேறி, இவர்கள் யார் என்று பிறர் என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று தேடினார்கள். சரியான முடிவுக்கு வந்ததும் அவர்கள்தான், குறைந்த நேரம் எடுத்துக்கொண்டதும் அவர்கள்தான். பெண் பார்க்கப் போகும் வீட்டில் பலகாரத்தை எவ்வளவு நேரம் ருசித்தாலும் குடும்பத்தைப் பற்றித் தெரியாது, தெருமுனைக் கடையில் விசாரித்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும் என்பது நம்மவர்களுக்குப் புதிய ஞானமில்லை. எல்லாச் செய்தியையும் விசாரிக்கவும் வேண்டாம். பிறருக்கு அனுப்பப் போவதையும், அதை நம்பி ஏதாவது செய்யப் போவதையும் விசாரித்தால் போதும்.

கடினமான ஆட்சேபம் இனிமேல்தான். எல்லா ஊடகத்துக்கும் முதலாளி உண்டு, விளம்பரம் உண்டு, கட்சி உண்டு. ஆகவே எதையும் நம்பாமல் இருப்பதே புத்திசாலித்தனம் என்பார்கள். முன்பாதி சரி. தேர்தல் காலத்தில் காசு வாங்கிக்கொண்டு செய்தி போடுவதை இந்தியப் பத்திரிகைக் கவுன்சிலின் துணைக்குழுவே 2010-இல் விரிவாகப் பதிவு செய்தது. பின்பாதிதான் தவறு. எதையும் நம்பாதவர் என்று ஒருவர் உண்மையில் கிடையாது. பத்திரிகையை நம்பாதவர் மைத்துனர் அனுப்பிய குரல்பதிவை நம்புகிறார். பொய்ச்செய்தி ஜாக்கிரதை என்ற பொதுவான எச்சரிக்கையைக் காட்டி அமெரிக்காவில் சோதித்தபோது, மக்கள் பொய்யான தலைப்புகளை மட்டுமல்லாமல் உண்மையான தலைப்புகளையும் குறைவாகவே நம்பினார்கள். ஐயம் கூடியது, பகுத்தறியும் திறன் கூடவில்லை. நமக்கு நெருக்கமான சான்று பீகாரிலிருந்தே கிடைக்கிறது. 2019 மக்களவைத் தேர்தலின்போது சுமித்ரா பத்ரிநாதன் அங்கே 1,224 பேரிடம் ஓர் ஆய்வு நடத்தினார். ஒரு பகுதியினருக்கு வீட்டிலேயே சுமார் ஒரு மணி நேரம், பொய்ச்செய்தியைக் கண்டுபிடிக்கும் வழிகள் கற்பிக்கப்பட்டன. மொத்தத்தில் குறிப்பிடத்தக்க பலன் இல்லை. பா.ஜ.க. ஆதரவாளர்களிடம், தங்கள் கட்சிக்கு ஏற்ற பொய்களை இனம்காணும் திறன் பயிற்சிக்குப் பிறகு குறைந்தே போனது. அதே பீகாரில் பின்னர் 13,000-க்கும் மேற்பட்ட பள்ளிப் பிள்ளைகளுக்குப் பல வாரங்கள் வகுப்பு வைத்து நடத்திய ஆய்வில் பலன் தெரிந்தது, மாதங்கள் கழித்தும் நீடித்தது. ஒரு மணி நேர அறிவுரைக்கும் பல வாரப் பழக்கத்துக்கும் உள்ள தூரம் அது. சந்தேகப்படு என்று சொல்வது எளிது. எதை, எந்த அளவுக்கு என்பது கைப்பழக்கமாக வேண்டும்.

இந்தப் பழக்கத்தை மக்களிடம் விட்டுவிடாமல் அரசே முத்திரை குத்திக் கொடுத்தால் என்ன என்ற யோசனையும் வந்தது. ஒன்றிய அரசு 2023-இல் விதிகளைத் திருத்தி, தன்னைப் பற்றிய செய்திகளில் எது பொய் என்று தன் பிரிவே முடிவு செய்ய வழிசெய்தது. பம்பாய் உயர்நீதிமன்றம் 2024 செப்டம்பரில் அந்தத் திருத்தத்தை ரத்து செய்தது. தமிழ்நாடு அரசும் சொந்தச் சரிபார்ப்பகம் வைத்திருக்கிறது. அரசு ஒரு தகவலை மறுப்பதில் தவறில்லை, 2023 மார்ச்சில் அது தேவைப்பட்டது. மறுப்பை ஆதாரத்தோடு வைத்தால் அது இன்னொரு சாட்சி. தீர்ப்பாக வைத்தால் இட்லிக் கதைக்கும் அரசு முத்திரை கிடைத்திருக்கும்.

அந்தக் கதைக்கு இன்னும் ஒரு திருப்பம் மிச்சம். 2017-இல் அமைக்கப்பட்ட நீதிபதி ஆறுமுகசாமி ஆணையத்தின் அறிக்கை 2022 அக்டோபர் 18 அன்று சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. ஜெயலலிதா இறந்தது டிசம்பர் 5 இரவு அல்ல, 4-ஆம் தேதி பிற்பகல் 3 மணிக்கும் 3.50-க்கும் இடையில் என்று, சாட்சியங்களை வைத்து அது முடிவு செய்தது. அதே ஆணையத்துக்கு உதவ அமைக்கப்பட்ட எய்ம்ஸ் மருத்துவர் குழுவோ, அளிக்கப்பட்ட சிகிச்சை முறையானதே என்று கருத்துத் தெரிவித்திருந்தது. நினைவு நாள் இன்றும் டிசம்பர் 5-இல்தான் அனுசரிக்கப்படுகிறது. 5-ஆம் தேதி மாலை ஐந்தரை மணிக்கு அவசரப்பட்ட சேனல்கள், ஆணையத்தின் கணக்கைக் கொண்டு பார்த்தால் ஒருநாள் பிந்தியவை. மருத்துவமனையின் கணக்கைக் கொண்டு பார்த்தால் ஆறு மணி நேரம் முந்தியவை. இரண்டில் எதுவானாலும், அந்த நிமிடத்தில் அவற்றின் கையில் இருந்தது ஒரு ‘ஆம்’ மட்டுமே. ஒவ்வொரு டிசம்பரிலும் இதை எழுத வேண்டிய உதவி ஆசிரியருக்கு உண்மையான வாக்கியம் இப்படித்தான் அமையும்: 2016 டிசம்பர் 5 இரவு 11.30-க்கு இறந்தார் என்று மருத்துவமனை அறிவித்தது. முந்தைய நாள் பிற்பகலே இறந்துவிட்டார் என்று விசாரணை ஆணையம் 2022-இல் கூறியது. நியூஸ் கார்டில் அது அடங்காது. கீழ்ப்பட்டையில் ஓடவிட்டால் பாதி போவதற்குள் விளம்பரம் வந்துவிடும்.